எண்ணெய் தெரியாத நாக்கு

அடையாறு ஓட்டலில் சமையல் வேலை போனதும் மயிலாப்பூர் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். குளத்தருகே, எஸ்.டி.டி. பூத் வாசலில், தள்ளுவண்டிக்காரர் ஒருவர் கூப்பிட்டு உப்புமாவை நீட்டினார். பெருத்த உடம்பு, நின்ற இடத்திலேயே மூச்சு வாங்கியது. எதைச் சமைத்தாலும் தெருவில் போகிறவரிடம் கொடுத்துக் கேட்பாராம்.

“எண்ணெ தெரியுதா நைனா?”

“வழியுதுண்ணா.”

“எனுக்குத் தெரில. எம்பொண்ணுக்கும் இதே நாக்கு, இதே ஒடம்பு. டாக்டர் எண்ணெய கொறைன்றாரு. அளந்து ஊத்துனாலும் பத்தலன்னு கை தானா ஊத்திடுது. ஸ்கூல்ல குண்டுன்னு ஒருத்தியும் அவ பக்கத்துல குந்தி துன்ன மாட்றா.”

நானும் தனியாகச் சாப்பிட்டே பழகியவன்.

மறுநாள் காலை அவரிடமே வேலைக்குச் சேர்ந்தேன். முதல் வேலை, அந்தப் பெண்ணின் டிபன் டப்பாவுக்குத் தாளிப்பது. எண்ணெய்த் தூக்கை என்னிடம் கொடுத்துவிட்டு, அவர் தெருப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.