மழைத் தண்ணீரில் ஓடிய கோச்சி

என் மனைவியின் தமக்கை இங்கிலாந்திலிருந்து வந்திறங்கிய மறுநாள் காலை, சண்டிலிப்பாயில் எங்கள் வீட்டுக் கொடியில் ஒரு கடுநீல உடுப்புக் காய்ந்துகொண்டிருந்தது. சட்டையும் காற்சட்டையும் ஒன்றாய்ச் சேர்த்துத் தைத்த, பட்டறைகளில் வேலை செய்பவர்கள் போடும் உடுப்பு. முழங்கால்களில் ஒட்டுப் போட்டிருந்தது. எத்தனை தடவை தோய்த்தும் போகாத எண்ணெய்க் கறை நெஞ்சுப் பகுதியில் படர்ந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன, வீட்டிலை வேலையாள் ஆரும் நிக்கினமோ?" என்று கேட்டார். "இல்லை, அது அக்கான்ரை உடுப்பு" என்றாள் என் மனைவி. அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

மச்சாள் இருபது வயது தாண்டிய கையோடு கலியாணம் முடித்து அங்கே போனவர். ஆஸ்பத்திரி ஒன்றில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை. அங்கே வெந்நீருக்கும் ஆவிக்கும் ஒரு பெரிய கொதிகலன் இருந்ததாம். அதைப் பார்த்துக்கொள்ளும் கிழவர் சனி ஞாயிறுகளில் வேல்ஸ் மலையடிவாரத்துக்குப் போய்ப் பழைய நீராவி எஞ்சின்களைத் துடைக்கும் கூட்டத்தில் ஒருவர். ஒருநாள் அங்கே என்னதான் செய்கிறார்கள் என்று விடுப்புப் பார்க்க மச்சாளும் கூடப் போனார். தேத்தண்ணி ஊற்றச் சொன்னார்கள். ஊற்றிக் கொடுத்துவிட்டு, "எனக்கும் ஒரு துடைக்கிற துணி தாங்கோ" என்று கேட்டாராம். துடைத்து, எண்ணெய் விட்டு, நெருப்புப் போட்டு, பரீட்சை எழுதி, கடைசியில் சனம் ஏறிய புகைவண்டியையே, எங்கள் ஊர்ப் பேச்சில் கோச்சியையே, ஓட்டும் அளவுக்கு வந்துவிட்டார். இதெல்லாம் எங்களுக்குத் தொலைபேசியில் அரைகுறையாகத் தெரிந்திருந்தது. ஏதோ பொழுதுபோக்கு என்று நினைத்திருந்தோம். கணவர் காலமான பிறகு, மகள் தன் குடும்பத்தோடு வேறு நகரத்துக்குப் போனதும், மச்சாள் ஊருக்கு வந்தார். காணியை விற்கத்தான் வந்திருக்கிறார் என்று சொந்தக்காரர் எல்லோரும் முடிவு கட்டிக்கொண்டார்கள்.

நான் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் உயர்தர மாணவருக்கு இரசாயனம் படிப்பிப்பவன். மச்சாளுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அவர் வந்த வாரம், அச்சுவேலிப் பக்கம் ஒரு கலியாணத்துக்கு அவரை மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போனேன். புதிதாகக் கட்டிய மண்டபம். அதன் பின்வளவில், பனைகளுக்கு நடுவே, ஒரு சிறிய எஞ்சின் நின்றது. எங்கள் ஊர் மினிபஸ்ஸைவிடச் சிறியது. ஒரு காலத்தில் வலிகாமம் வடக்கில் சுண்ணாம்புக் கல் இழுத்தது என்றார்கள். சண்டைக் காலத்தில் தண்டவாளங்கள் எல்லாம் பதுங்குகுழிகளுக்கு மூடியாகப் போனபோது, இராணுவம் பிடித்து வைத்திருந்த, ஒருவரும் போக முடியாத பகுதிக்குள் இது மட்டும் பற்றைக்குள் கிடந்து தப்பியிருக்கிறது. நிலம் விடுபட்டதும் மண்டபத்து முதலாளி அதை வாங்கி இழுத்து வந்திருந்தார். சிவப்பும் பொன்னிறமும் பூசி வாசலில் நிறுத்தினால் மாப்பிள்ளை பொம்பிளை பக்கத்தில் நின்று படம் எடுப்பார்கள் என்பது அவருடைய யோசனை.

மச்சாள் சாப்பாட்டுப் பந்திக்கு வரவில்லை. தேடிப் போனபோது பட்டுச் சேலையை முழங்காலுக்கு மேலே சொருகிக்கொண்டு எஞ்சினுக்குக் கீழே படுத்திருந்தார். வெளியே வந்து, கையைத் துடைக்காமலே முதலாளியிடம் சொன்னார்: "உது ஓடும்."

முதலாளி பெரிய மனிதர். கிளிநொச்சியில் அரிசி ஆலையும் வைத்திருந்தவர். அவர் மச்சாளை மேலும் கீழும் பார்த்தார். "ஓடினால் நல்லதுதான் அக்கா. ஆர் ஓட்டுறது?"

"நான்தான்."

அதற்குப் பிறகு வந்த மாதங்களை நான் வரிசையாகச் சொல்ல முடியாது. காலையில் அவரை அங்கே இறக்கிவிட்டு வகுப்புக்குப் போவேன். மாலையில் ஏற்றப் போனவன் நானும் உள்ளே புகுந்து துரு சுரண்டிக்கொண்டிருப்பேன். அவர் ஒரு தரமும் என்னை வரச் சொல்லி அழைத்ததில்லை. கொதிகலனுக்குள் இருந்த குழாய்கள் எல்லாம் உக்கிப்போயிருந்தன; ஒவ்வொன்றாய் வெட்டி எடுத்துப் புதிது போட்டோம். சில்லுகளின் அச்சுக்கு வேண்டியதை அச்சுவேலி லேத் பட்டறையில் கடைந்து தந்தார்கள். மச்சாள் வரைந்து கொடுப்பார், அவர்கள் கடைவார்கள், இவர் விரலால் தடவிப் பார்த்து "இன்னும் ஒரு மயிரளவு" என்று திருப்பிக் கொடுப்பார். அவர்களும் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்வார்கள். முதலாளிக்கும் மெல்ல மெல்லப் பித்துப் பிடித்தது. எங்கிருந்தோ பழைய தண்டவாளங்கள் வாங்கி, மண்டபத்தைச் சுற்றி, பனங்காணிக்குள்ளால் போய் வெங்காயத் தோட்டத்து ஓரமாய்த் திரும்பி வரும்படி ஒரு வட்டப் பாதை போட்டுவிட்டார். கொழும்பிலிருந்து கொதிகலன் பரிசோதகர் ஒருவர் வந்து, இரண்டு நாள் நின்று, சோதித்து, ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்தார்.

விறகு வன்னியிலிருந்து வந்தது. அதோடு கலியாணச் சமையலில் மிஞ்சிய சிரட்டை மலைபோல் கிடந்தது. சிரட்டை போட்டால் நெருப்பு வெள்ளையாய்ச் சீறும். அடுப்பு வாய்க்கு முன்னால் அள்ளிப் போடும் சவளோடு நிற்பது என் வேலையாயிற்று. ஒரேயடியாய்க் கொட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாய், மூலைகளுக்குச் சிதறும்படி போட வேண்டும். ஒருநாள் வியர்வை கண்ணுக்குள் வழிய, "உதிலை என்ன இருக்குதெண்டு இவ்வளவு காலம் பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள்?" என்று கேட்டேன்.

"சமைக்கிற மாதிரித்தான் மச்சான்" என்றார். "ஆனால் கடைசியிலை உப்புக் குறைவெண்டு ஒருத்தரும் சொல்லமாட்டினம்."

ஆவணியில் முதலாளியின் தங்கை மகளுக்குக் கலியாணம். தாலி கட்டி முடிந்ததும் மாப்பிள்ளையும் பொம்பிளையும் கோச்சியில் ஒரு சுற்று வருவதாக ஏற்பாடு. அதற்கு முந்திய வாரங்களில் நாங்கள் பல தடவை ஓட்டிப் பார்த்திருந்தோம். அன்று காலையும் எல்லாம் சரியாகவே இருந்தது. கொதிகலனுக்குள் தண்ணீரைத் தள்ளுவதற்கு இரண்டு கருவிகள். ஒன்று பழுதானால் மற்றது. இரண்டும் வேலை செய்தன. பின்னால் கட்டிய பெட்டியில் மணமக்கள் ஏறி உட்கார்ந்தார்கள். சனம் கைபேசிகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாதையோரம் நெருக்கியது. மேளகாரர்கூட எழும்பி வந்துவிட்டார்கள்.

புறப்படுவதற்குச் சற்று முன் முதல் கருவி தண்ணீரை உள்ளே தள்ளாமல் கீழே துப்பியது. மச்சாள் மற்றதைத் திறந்தார். அது கொஞ்சம் இழுத்து, இருமி, நின்றுவிட்டது. அவர் கண் கண்ணாடிக் குழாயில் இருந்தது. கொதிகலனுக்குள் தண்ணீர் எவ்வளவு நிற்கிறதென்று காட்டுவது அதுதான். தண்ணீர் அடுப்பின் கூரைக்குக் கீழே இறங்கினால் அந்த இரும்பு பழுத்து, கொதிகலன் வெடிக்கும். இதை அவர் எனக்கு முதல் நாளே சொல்லியிருந்தார். இறங்கவில்லை இன்னும். ஆனால் இறங்கிக்கொண்டிருந்தது.

"பிள்ளையள் ரண்டு பேரையும் இறக்குங்கோ" என்றார் முதலாளியைப் பார்த்து.

முதலாளி ஓடி வந்தார். "என்னக்கா இது? ஒரு சுத்து. ஒரே ஒரு சுத்து. உங்கை பாருங்கோ, சனம் எல்லாம் வீடியோ எடுக்குது. கண்ணாடியிலை தண்ணி தெரியுதுதானே!"

"தெரியுது. உள்ளுக்குத் தண்ணி போகுதில்லை."

"நான் சொல்லுறன், ஓட்டுங்கோ. நான் பொறுப்பு."

"நீங்கள் பொறுப்பெடுக்கலாம் முதலாளி. தண்ணி எடுக்காது." பிறகு என்னிடம் திரும்பி, சோறு வடிக்கச் சொல்வதுபோன்ற குரலில் சொன்னார்: "மச்சான், நெருப்பைக் கொட்டுவம்."

எரிகிற அடுப்பை அப்படியே இழுத்து நிலத்தில் கொட்டுவதென்றால் என்னவென்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். நீண்ட இரும்புக் கொழுவியால் நாங்கள் தணலை வழித்து வழித்துக் கீழே தள்ளினோம். புகையும் சாம்பலும் எழும்பிக் பட்டுச்சேலைகள் மேல் விழுந்தன. சனம் குழறிக்கொண்டு பின்வாங்கியது. "உது பொம்பிளையளின்ரை வேலையே?" என்று ஒரு குரல் உரக்கக் கேட்டது. மச்சாளுக்குக் கேட்டிருக்கும். அவர் தணலுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். எல்லாம் அடங்கிய பின் முகத்தைக் கழுவிக்கொண்டு, அந்த எண்ணெய் உடுப்போடேயே பொம்பிளையிடம் போனார். அந்தப் பிள்ளை அழுதுகொண்டிருந்தது.

"உங்கடை நாளைப் பழுதாக்கிப்போட்டன் பிள்ளை. ஒருநாள் கட்டாயம் ஏத்துவன். அதுவரைக்கும் என்னைக் கோவிச்சுக்கொண்டு இருங்கோ" என்றார்.

மறுநாள் எஞ்சினுக்கென்று போட்டிருந்த கொட்டகையில் புதுப் பூட்டுத் தொங்கியது. சில்லுகளைச் சீமெந்தில் பதித்து வாசலில் நிறுத்தப் போவதாகக் கேள்விப்பட்டோம். வீட்டில் என் மனைவி, "அக்கா, காணும், விடுங்கோ. ஊர் சிரிக்குது" என்றாள். மச்சாள் கலியாணத்தன்றே கழற்றிக் கொண்டுவந்திருந்த அந்த இரண்டு கருவிகளையும் குசினி மேசையில் கடதாசி விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டேயிருந்தார். நானும் பார்த்தேன். உள்வாய் முழுவதும் வெள்ளையாய், கேத்தலின் அடியில் படிவதுபோல. இரண்டு துளி அமிலம் விட்டேன், நுரைத்துப் பொங்கியது.

"மச்சாள், இது சுண்ணாம்பு. எங்கடை கிணத்துத் தண்ணி."

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். அங்கே மலையிலிருந்து வந்த ஓடைத் தண்ணீர். இத்தனை வருடத்தில் ஒரு நாளும் இப்படி அடைத்ததில்லை. சுண்ணாம்புக் கல் இழுத்த எஞ்சின் சுண்ணாம்பாலேயே மூச்சடைத்து நின்றதை நினைத்து அவர் சிரித்த சிரிப்பில், கோபமாயிருந்த என் மனைவியும் சேர்ந்துகொண்டாள்.

ஆனால் பூட்டு பூட்டாகவே இருந்தது. ஒரு மாதமாகியிருக்கும். ஒரு பகல் முதலாளி தானே எங்கள் வீட்டுக்கு வந்தார். விறாந்தையில் இருந்து, தேத்தண்ணி குடித்து, மழை வருமா என்று கதைத்து, கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தார். கொழும்புப் பரிசோதகருக்குத் தொலைபேசி எடுத்து, இப்படி அவமானப்படுத்திவிட்டார் என்று மச்சாளைப் பற்றி முறைப்பாடு சொல்லியிருக்கிறார். பரிசோதகர் முழுவதையும் கேட்டுவிட்டு, "அண்டைக்கு அவ ஓட்டியிருந்தா, இண்டைக்கு நீங்கள் எனக்குப் போன் எடுத்திருக்கமாட்டியள்" என்றாராம்.

"என்ரை தங்கச்சியின்ரை பிள்ளை அதுக்குள்ளை இருந்தது அக்கா" என்றார் முதலாளி. கொட்டகைப் பூட்டின் திறப்பை மேசையில் வைத்தார்.

மச்சாள் நன்றி சொல்லவும் இல்லை, பழையதைக் கிளறவும் இல்லை. "உங்கடை மண்டபத்துக் கூரை எவ்வளவு பெரிசு முதலாளி?" என்று கேட்டார்.

அந்த மாரிக்கு அந்தக் கூரையில் விழுந்த மழை முழுவதும் பீலியால் இறங்கி, சுண்ணாம்பு இல்லாத தண்ணீராய்ப் பின்வளவுத் தாங்கிகளில் சேர்ந்தது. ஐப்பசி, கார்த்திகை முழுக்க நாங்கள் கொதிகலனுக்குள் படிந்ததைக் கழுவிக் கழுவி எடுத்தோம். தையில் வெயில் வந்தது. அந்தப் பொம்பிளைக்குச் சொல்லியனுப்பினோம். புருஷனோடு வந்து, கொஞ்சம் பயந்து பயந்து பெட்டியில் ஏறிற்று. பக்கத்தில் முதலாளி, வேட்டியை இறுக்கிப் பிடித்தபடி. மச்சாள் இரண்டு கருவிகளையும் திறந்து பார்த்தார், மூடினார், மறுபடி திறந்து பார்த்தார். பிறகு ஊதினார். தோட்டத்தில் வெங்காயம் கிண்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

அன்று பல சுற்று ஓடினோம். இறங்கியபோது அந்தப் பிள்ளை மச்சாளின் கையைப் பிடித்துக்கொண்டு, "கோவம் முடிஞ்சுது அன்ரி" என்றது.

இப்போது மச்சாள் இங்கிலாந்தில் மகளோடு இருக்கிறார். முழங்கால் சத்திரசிகிச்சைக்கென்று போனவர்; ஏணியில் ஏறக் கூடாதென்று வைத்தியர்கள் சொல்லிவிட்டார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு எஞ்சினை நான்தான் ஓட்டுகிறேன். லேத் பட்டறைக்காரர் நெருப்புப் போடுகிறார். பள்ளிக்கூடப் பிள்ளைகளும், சுன்னாகத்திலிருந்தும் பருத்தித்துறையிலிருந்தும் குடும்பங்களும் வருகிறார்கள். ஓடி முடிந்த பின் மச்சாளுக்குத் தொலைபேசி எடுப்பேன். எத்தனை சனம் வந்தது என்று கேட்கமாட்டார். "தண்ணி எவ்வளவு நிண்டது?" என்பதுதான் முதல் கேள்வி.

அடுத்த தையில், அவர் போவதற்கு முந்திய ஞாயிறு. ஓட்டத்துக்கு ஆயத்தமாகி நின்றோம். மச்சாள் திடீரென்று கீழே இறங்கி, "இண்டைக்கு நீங்கள் ஓட்டுங்கோ மச்சான்" என்றார். எத்தனையோ தரம் அவர் பக்கத்தில் நிற்க ஓட்டியிருக்கிறேன், தனியாக இல்லை. ஆவியைத் திறக்கும் நெம்புகோலைப் பிடித்தேன். அது சூடாக இருந்தது. மெல்ல இழுத்தபோது முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு காலடியில் ஒரு பாரம் அசைந்தது. ஒரு பெருமூச்சு, இன்னொன்று. பனைகள் நகரத் தொடங்கின. முழங்காலில் நெருப்பின் சூடு, முதுகில் தைமாதக் காற்று. உள்ளே கொதித்த மழைத் தண்ணீர் என் ஒரு கைக்குள் இருப்பதுபோலவும், நான் அதன் கைக்குள் இருப்பதுபோலவும் இருந்தது. பயமாக இருந்தது. ஆனால் சிரித்துக்கொண்டிருந்தேன்.

தோட்டத்து வளைவில் திரும்பும்போதுதான் மச்சாளைக் கண்டேன். பாதையோரமாய், எஞ்சினுக்குச் சரிநேராய், அந்த முழங்காலோடு நொண்டி நொண்டி ஓடிவந்துகொண்டிருந்தார். நிறுத்தச் சொல்கிறாரோ என்று பதறி, ஆவியை அடைத்து நிறுத்தினேன். மூச்சு வாங்க ஓடிவந்து படியைப் பிடித்துக்கொண்டார். கண்ணெல்லாம் தண்ணீர்.

"என்ன மச்சாள், என்ன நடந்தது?"

"ஒண்டும் நடக்கேல்லை" என்றார். "இவ்வளவு காலமும் நான் மேலை நிண்டு ஓட்டினனானே தவிர, கீழை நிண்டு பாக்கேல்லை. இவ்வளவு வடிவாயே ஓடுது! ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?"