குருவி வேனுக்குப் பின்னால் நின்ற லாரி

வாடிப்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு உதவியாளராக இருந்த முத்துமீனாவுக்கு மத்தியானம் இரண்டரை மணிக்கு மேல் பொழுது போகாது. அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் அவளும் ஃபேன் சத்தமும்தான். மகள் அஸ்வினி கோயம்புத்தூரில் விடுதியில் தங்கி நர்சிங் படித்தாள். புருஷன் கருத்தக்கண்ணன் வடநாட்டுக்குப் போகும் லாரியில் டிரைவர். மாதத்தில் நாலு நாள் வீடு தங்கினால் பெரிய விஷயம்.

லீவுக்கு வந்த அஸ்வினிதான் அம்மாவின் போனில் 'குருவி வேன்' என்ற யூடியூப் சேனலைப் போட்டுக் கொடுத்தாள். மெர்வின், டயானா என்று மதுரைக்காரத் தம்பதி. இருவரும் பார்த்த வேலையை விட்டுவிட்டு, பழைய வேன் ஒன்றுக்குள் கட்டிலும் அடுப்பும் வைத்து, அதிலேயே குடித்தனம் நடத்திக்கொண்டு காஷ்மீர் நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். பிடித்த ஊரில் பத்து நாள்கூடத் தங்குவார்கள்.

"அப்பா போற ரோட்டுலதாம்மா இவங்களும் போறாங்க," என்றாள் அஸ்வினி.

அந்த ஒரு வார்த்தைக்காகவே முத்துமீனா பார்க்க ஆரம்பித்தாள். இருபது வருசமாகப் புருஷன் ஓட்டுகிற ரோடு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. கேட்டால், "ரோடு ரோடு மாதிரிதான் இருக்கும்" என்பான். கிருஷ்ணா ஆற்றுப் பாலம் எம்புட்டு நீளம், எந்த ஊர் தாண்டியதும் மண் கறுக்கிறது, எங்கே டீயில் இஞ்சி போடுகிறார்கள் என்பதெல்லாம் மெர்வினின் கேமரா வழியாகத்தான் அவளுக்குத் தெரிந்தது. டயானா ஏரியைக் காட்டி வாயைப் பிளக்கும்போது, முத்துமீனாவின் கண் ஏரிக்குப் பின்னால் ஊர்ந்து போகும் லாரிகளில் இருக்கும். நம்ம ஊர் நம்பர் பிளேட் மாதிரித் தெரிந்தால் விரலால் அமுக்கி நிறுத்துவாள். ஒன்றும் அவன் லாரியாக இருக்காது.

சாயங்காலம் ஏழு மணிக்கு அவன் கூப்பிடுவான்.

"சாப்ட்டீகளா?"

"தாபாவுல சப்பாத்தி, கோழிக்கறி. சோலை வயித்தை அமுக்கிட்டுக் கெடக்கான், அம்புட்டுத் தின்னுருக்கான். நீ என்ன செஞ்ச?"

"ராமக்கா வந்துச்சு. ரெண்டு பேரும் பேசிக்கிட்டே கெடந்தோம்."

சோலை என்பவன் லாரியில் மாற்று டிரைவர். ராமக்காள் பக்கத்து வீட்டுக்காரி. ஆனால் ராமக்காள் தேனிக்கு மகன் வீட்டோடு போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. அந்த வீட்டுக் கதவில் பூட்டுத்தான் தொங்கியது. அவ்வளவு தூரத்தில் ஓட்டுகிறவனிடம், 'இன்னைக்கு வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசல' என்று எப்படிச் சொல்வது என்று முத்துமீனா அதை மறைத்துவிட்டிருந்தாள்.

ஆடி மாதம் வந்த வீடியோ ஒன்றில், சாகர் என்ற ஊருக்குப் பக்கம் ஒரு பெட்ரோல் பங்க்கில் வேன் நின்றது. மழை விட்டிருந்தது. டயானா பின்கதவைத் தூக்கி வைத்துக்கொண்டு வெங்காயம் வதக்கினாள். மெர்வின் ஏதோ சொல்ல, அவள் சிரித்த சிரிப்பில் கரண்டி கீழே விழுந்தது. அவர்களுக்குப் பின்னால் வரிசையாக லாரிகள். அதில் ஒன்றின் முன்சக்கரத்தில் சாய்ந்து, வலது காலை மடக்காமல் நீட்டியபடி ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான்.

முழங்காலில் அடிபட்டதிலிருந்து கருத்தக்கண்ணன் அப்படித்தான் உட்காருவான்.

அவள் எழுந்து நின்றுவிட்டாள். நம்பரைப் பார்த்தாள். அவன் லாரிதான். பிளாஸ்டிக் கவரிலிருந்து பன்னை எடுத்து டீயில் முக்கித் தின்றுகொண்டிருந்தான். சிரிப்புச் சத்தம் கேட்டு வேன் பக்கம் திரும்பினான். கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு கவரை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான். அம்புட்டுத்தான், அதற்குள் மெர்வின் கேமராவைத் தட்டுப் பக்கம் கொண்டுபோய்விட்டான். சோலை எங்கேயும் இல்லை.

எத்தனை தடவை பார்த்தாள் என்று கணக்கில்லை. முதலில் சந்தோஷமாக இருந்தது. பார்க்கப் பார்க்க, போனில் அவன் சொல்லும் சப்பாத்தியும் கோழிக்கறியும் நினைவுக்கு வந்தன. தன் முன்னால் உட்கார்ந்து அவன் ஒருநாளும் அப்படிச் சாப்பிட்டதில்லை.

அடுத்த வியாழக்கிழமை அவன் வந்தான். குளித்துச் சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்து, போனை நீட்டினாள்.

"அட, நானா இது?" என்று சிரித்தான். "முதுகு இம்புட்டா வளைஞ்சு போச்சு!" பிறகு சிரிப்பு நின்றுபோனது.

"சோலை எங்க?"

"அவன் சித்திரையிலேயே திருப்பூருக்குப் போயிட்டான். ஓனர் வேற ஆள் போடல."

"அப்ப நீங்க ஒத்தையிலயா இம்புட்டுத் தூரம் ஓட்டுறீக?"

"சொன்னா நீ கண்ண மூட மாட்டேன்னுதான்..."

முத்துமீனா போனை வாங்கி ஓரமாக வைத்தாள். "ராமக்கா வீட்டைப் பூட்டிட்டுத் தேனிக்குப் போயி எட்டு மாசமாச்சு," என்றாள்.

அவனுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் சாப்பிட்ட தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தான்.

"நானும் ஒரு தடவை கூட வரட்டுமா? அந்தப் புள்ள டயானா போகலையா?"

"அவுக நெனைச்ச எடத்துல நிப்பாக, மீனா. எங்க நிக்கணும், எப்ப கெளம்பணும்னு நமக்கு லோடுதான் சொல்லும். குளிக்கக்கூட மறைவு கெடையாது. உன்னைய வச்சுக்கிட்டு நான் ரோட்டைப் பார்ப்பனா, உன்னையப் பார்ப்பனா?"

அவன் சொன்னதில் தப்பில்லை என்று அவளுக்கே தெரிந்தது. மேற்கொண்டு கேட்கவில்லை. மாற்று டிரைவர் போடாவிட்டால் வண்டி எடுக்க மாட்டேன் என்று ஓனரிடம் சொல்லும்படி மட்டும் கேட்டாள். அவன் மறுநாள் போய்ச் சொன்னான். அடுத்த மாதம் பார்க்கலாம் என்றாராம்.

சனிக்கிழமை காலையில் அவன் இந்தத் தடவையும் தனியாகவே கிளம்பினான். நாலுவழிச் சாலை வரை அவளும் நடந்துபோய் லாரியில் ஏற்றிவிட்டு வந்தாள்.

திங்கட்கிழமை ஏழு மணிக்குப் போன் வந்தது.

"சாப்ட்டீகளா?"

"இப்பத்தான். நான் மட்டும்தான். ரசஞ்சோறு மாதிரி என்னமோ குடுத்தான், வாயில வைக்க முடியல. நீ?"

"நானும் ஒத்தையிலதான். காலையில வச்ச புளிக்கொழம்பு."

இரண்டு பேருக்கும் அதற்கு மேல் என்ன பேசுவதென்று தெரியவில்லை. இருந்தாலும் அவன் போனை வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை. அவன் பக்கம் லாரிகள் போகும் இரைச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் சோற்றைப் பிசைந்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.