அம்மா எதிரில் கேட்ட கேள்வி

மைசூரில் ஒரு மருத்துவமனையில், உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் லூபஸ் நோயுள்ள குழந்தைகளின் சிகிச்சையை மேம்படுத்தும் ஆய்வில் வேலை செய்கிறேன். அவர்கள் மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறார்களா என்று கேட்டுப் படிவத்தில் எழுதுவது என் பொறுப்பு.

தமிழர்கள் வாழும் மார்டள்ளி கிராமத்திலிருந்து பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி மாதாமாதம் அம்மாவோடு வருவாள். ஸ்டீராய்டு மாத்திரையால் முகம் உப்பியிருக்கும். துப்பட்டாவால் கன்னத்தை மறைத்துக்கொண்டே உட்காருவாள்.

"மாத்திரை விடாம சாப்பிடறியாம்மா?" என்று கேட்பேன். அவள் வாய் திறக்குமுன் அம்மா காலி அட்டைகளை மேசைமேல் வைப்பார்.

"ஒண்ணுகூட விடலீங்க. நானே கையில குடுக்கறனுங்க."

நான் 'ஆம்' என்று எழுதுவேன்.

மூன்றாவது மாதம் அவள் முகம் வற்றியிருந்தது. டாக்டர் மருந்தைக் குறைக்கவே இல்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். "அழகாயிட்டியே" என்றேன். முதல்முறையாகச் சிரித்தாள்.

அடுத்த மாதம் நோய் முற்றிச் சிறுநீரகம் கெட்டு வார்டில் கிடந்தாள். அம்மா டீ வாங்கப் போனபோது மெல்லச் சொன்னாள்.

"அம்மா அங்கிட்டு போனதும் துப்பிருவனுங்கக்கா. ஸ்கூல்ல பூரின்னு கூப்பிடறாங்க. நீங்ககூட அழகாயிட்டேன்னு சொன்னீங்கல்ல."

அந்த வாரம் அவள் இறந்துபோனாள்.

இப்போது அம்மாக்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத்தான் குழந்தைகளிடம் கேட்கிறேன். ஆய்வுப் படிவத்தில் எழுதியதை அழிக்கக் கூடாது. குறுக்கே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்திட வேண்டும். அப்படித்தான் அவளுடைய மூன்று 'ஆம்'களையும் திருத்தினேன். கோட்டுக்கு அடியில் அவை இன்னும் தெளிவாகத் தெரிகின்றன.