மாதா ஏறாத பிக்கப்

சவிரிமுத்துவின் பிக்கப்புக்கு வருசத்தில் ஒருநாள்தான் மரியாதை. மற்ற நாட்களில் அது, அவர் புலம்பெயர்ந்து வந்து குடியிருக்கிற லாசால் பகுதியில் வீடு மாறுகிறவர்களின் கட்டில்களையும் பழைய சலவை மெஷின்களையும் சுமந்து திரியும். ஓகஸ்ட் மாதத் திருநாளன்று மட்டும் கழுவித் துடைத்து, வெள்ளைத் துணி சுற்றி, மாதா சொரூபத்தை ஏற்றிக்கொண்டு ஆள் நடக்கிற வேகத்தில் கோவில் வளவைச் சுற்றி வரும். மன்னாரில் இருந்த தம்பி வின்சன்ட் சண்டையில் இடம்பெயர்ந்து வன்னிக்குள் போன வருசம் சவிரிமுத்து வைத்த நேர்த்தி அது. தம்பியை உயிரோடு வைத்திருந்தால் வருசா வருசம் மாதாவை என் வண்டியில்தான் ஏற்றுவேன் என்று முழங்காலில் நின்று சொன்னார். இரண்டு திருநாட்கள் அப்படியே நடந்தன.

2009 ஏப்ரலில் வின்சன்ட் கடைசியாகப் போனில் கதைத்தான். "கரையோரமா நிக்கிறம் அண்ணை. பேந்து எடுக்கிறன்" என்றான். எடுக்கவில்லை. மே மாதம் எல்லாம் முடிந்தது. முகாம்களிலிருந்து ஆட்களின் பெயர்கள் வந்துகொண்டிருந்தன. அவன் பெயர் வரவில்லை. ஆத்தும இளைப்பாற்றிக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுப்போம் என்று மனைவி எலிசா மெல்லச் சொல்லிப் பார்த்தாள். சவிரிமுத்து காதில் விழாதவர்போல் எழுந்து போனார். ஞாயிறு பூசையில் பாதர் பெயர்களை வாசிக்கும்போது வின்சன்ட் இன்னும் சுகபலத்துக்காக வேண்டப்படுகிறவர்களோடுதான் இருந்தான். அங்கிருந்து அவனைத் தூக்கி இறந்தவர்களோடு வைக்க அண்ணனுக்கு மனம் வரவில்லை.

அந்த வருசத் திருநாள் நெருங்கும்போது பிக்கப்பின் முன் இடது சில்லு ஆடத் தொடங்கியது. திரும்பும்போதெல்லாம் கடகடவென்று சத்தம். சில்லை வண்டியோடு பிடித்து வைத்திருக்கிற போல் ஜொயின்ட் தேய்ந்துவிட்டது. இடுப்பு எலும்பு மாதிரி, ஒரு கிண்ணத்துக்குள் குண்டு உருளுகிற மூட்டு அது. கழன்றால் சில்லு வெளியே படுத்துவிடும். மேலே நிற்கிற மாதா விழுந்து நொறுங்குவா. கராஜில் விடு என்று எல்லோரும் சொன்னார்கள். நேர்த்தி என்றால் சொந்த உடம்பு நோக வேண்டும் என்பது சவிரிமுத்துவின் கணக்கு. புது மூட்டை வாங்கிக்கொண்டு, திருநாளுக்கு முதல்நாள் சனிக்கிழமை மத்தியானம், வீட்டுக்குப் பின்னால் இருந்த சந்தில் வண்டியை ஜாக்கில் தூக்கினார்.

மேல்வீட்டுத் தமிழ்மாறன் குப்பைப் பையோடு இறங்கி வந்தான். சென்னைக்காரன், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை.

"என்னண்ணா, வண்டிக்கு ஆபரேஷனா?"

"ஓம் தம்பி. டொக்டர் நான்தான். அதுதான் நோயாளிக்குப் பயம்."

"கராஜ்ல விட்டிருந்தா இந்நேரம் டிஸ்சார்ஜே பண்ணியிருப்பான்."

"அங்கை விட்டா அது கராஜ்காரன்ரை நேர்த்தியெல்லோ."

தமிழ்மாறனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் பையை வைத்துவிட்டு டார்ச்சைப் பிடித்தான்.

நட்டு கழன்றது. மூட்டு அசையவில்லை. பத்துப் பனிக்காலம் உறைபனி கரையத் தெருவில் கொட்டிய உப்பு, இரும்போடு இரும்பை ஒட்ட வைத்திருந்தது. எண்ணெய் விட்டார். மூட்டை நெருக்கி வெளியே தள்ளுகிற இரவல் கருவியை மாட்டி, தோள் நரம்பு புடைக்கத் திருகினார். கடைசியில் பெரிய சுத்தியலை எடுத்தார்.

எலிசா தேத்தண்ணியோடு வந்து நின்றாள்.

"இஞ்சாருங்கோ, கோவிலுக்கு வாற சிசிலியின்ரை மனுசன் தன்ரை வான் வண்டியைத் தாறாராம். மாதா ஆரின்ரை வண்டியிலை வந்தாலென்ன?"

"மாதாவுக்கு ஒண்டுமில்லை. வின்சன்டுக்குத்தான்."

"கொஞ்சம் ஆறிப்போட்டு அடியுங்கோவன்."

அவர் ஆறவில்லை. ஓங்கி ஓங்கி அடித்தார். திடீரென்று சத்தம் மாறியது. கழன்றுவிட்டது என்று நினைத்துச் சிரித்தேவிட்டார். தமிழ்மாறன் டார்ச்சோடு குனிந்தான்.

"அண்ணா, மூட்டு அப்படியேதான் இருக்கு. அதைப் பிடிச்சிருக்கிற இரும்பு வெடிச்சிடுச்சு."

உப்புத் தின்ற இரும்பு. மூட்டு அமர்ந்திருந்த வளையத்தின் குறுக்கே விரல் நகம் போகிற அளவு வெடிப்பு. புது மூட்டை அமர்த்த இனி இடமில்லை. அந்தப் பாகத்தையே மாற்ற வேண்டும். கடைக்கு போன் எடுத்தார். திங்கட்கிழமைதான் தேடித் தரலாம் என்று ஒரு பெண் பிரெஞ்சில் சொன்னாள். "மெர்சி" என்று நன்றி சொல்லி வைத்தார். தமிழ்மாறன் டார்ச்சை அணைத்துக் கொடுத்துவிட்டு மேலே போனான்.

சவிரிமுத்து சந்தின் தார்த்தரையில் காலை நீட்டி உட்கார்ந்தார். தேத்தண்ணியில் ஆடை படிந்திருந்தது. எலிசா பக்கத்தில் வந்து குந்தினாள்.

"பாதருக்கு போன் எடுக்கட்டே?"

"வானுக்கோ?"

"வானுக்கும்." ஆறிய கோப்பையைத் தள்ளி வைத்தாள். "பூசைக்கும்."

அவர் விரல்களில் இருந்த கிறீசைத் துணியில் துடைத்தார். துடைத்த விரல்களையே மறுபடி துடைத்தார்.

"முழுப்பேரையும் சொல்லும்" என்றார். "வின்சன்ட் பேதுருப்பிள்ளை. வேறை வின்சன்ட்மாரும் செத்திருப்பினம்."

எலிசா எழுந்து உள்ளே போனாள். இரவில் சந்தில் வண்டியை ஜாக்கில் விட ஏலாது. அவர் சில்லை உருட்டி வந்து, வெடித்த இரும்பின்மேலேயே மாட்டி, நட்டுகளை ஒவ்வொன்றாக இறுக்கினார்.