கிள்ளான் எண்ணெய் நிலையத்து மண்ணோடு ஜெஞ்சாரோம் வரை

நான் ஊர் சுற்றிப் பார்க்கப் போனவள் இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், என் வீட்டுக்காரர் செத்து நான்கு மாதம் ஆன ஒரு வியாழக்கிழமை, அவர் செத்த இடத்தைத் தோண்டி மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கிளம்பினேன். கிள்ளானில் ஓர் எண்ணெய் நிலையம். நிலத்துக்கு அடியில் இருந்த பெட்ரோல் தொட்டியைக் கழுவ அவரை உள்ளே இறக்கினார்கள். மூக்கில் கட்ட ஒரு துண்டு கொடுத்தார்கள். ஆவி அடித்து உள்ளேயே விழுந்துவிட்டார். அதன் பிறகுதான் தொட்டி ஓட்டை, சுற்றியுள்ள மண்ணெல்லாம் எண்ணெய் என்று கண்டுபிடித்தார்களாம். அந்தத் தொட்டி வெளியே வருவதை என் கண்ணால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

நான் குடியிருக்கும் பிரிக்பீல்ட்ஸில் காலை 7.20க்குப் பஸ். டிக்கெட் ஒரு வெள்ளி ஐம்பது காசு. முப்பது கிலோமீட்டருக்கு ஒன்றேகால் மணி நேரம் பிடித்தது. ஜன்னலோரம் கிடைத்தால் விடாதீர்கள், காற்றாவது வரும்.

8.50க்குத் தகர வேலிக்கு முன்னால் நின்றேன். தொட்டி முந்தின நாளே போய்விட்டதாம். குழிதான் இருந்தது. ஏழு பேர் வேலை செய்தார்கள். ஏழு பேருக்கும் முகமூடி, கையுறை, பூட்ஸ். மண்ணுக்குப் பக்கத்தில் நிற்க இவ்வளவு. தொட்டிக்குள் இறங்கியவருக்கு ஒரு துண்டு.

கறுப்பு மண்ணை ஒரு லோரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வேலி தாண்டி அந்த வாசம் வந்தது. பன்னிரண்டு வருஷம் அவர் வேலைச் சட்டையோடு என் வீட்டுக்கு வந்து போன வாசம்.

லோரி ஓட்டியது சேகர் என்ற நம் ஆள். மண் எங்கே போகிறது என்று கேட்டேன்.

"ஜெஞ்சாரோம் பக்கம்க்கா. ஒரு வீட்டுல 'மண் வேண்டும்'னு போர்டு வச்சிருக்காங்க. சும்மா கெடைச்சா யாரு லா வேணாம்பாங்க?"

தாழ்வான இடத்தில் இருப்பவர்கள் மழைத் தண்ணீர் ஏறாமல் இருக்க இப்படிப் போர்டு வைத்து மண் வாங்கி மேடாக்குவார்கள். எங்கே அள்ளிய மண் என்று கேட்க மாட்டார்கள். விஷ மண்ணைக் கொட்டவென்று இருக்கிற இடத்துக்குப் போகச் செலவாகும், தூரமும் அதிகம். அதனால் இந்த ஏற்பாடு.

நான் லோரிக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தேன். இறங்கச் சொன்னான். நான் யார் என்று சொன்னேன். வண்டியை எடுத்தான்.

இருபது கிலோமீட்டர். 10.15க்குச் செம்பனைக் காட்டை ஒட்டிய ஒரு பலகை வீட்டில் நின்றோம். நேற்றே இரண்டு லோரி கொட்டியிருந்தார்கள், கிணற்றிலிருந்து பத்தடியில். வீட்டுக்காரி சரோஜா லோரியைக் கண்டதும் சிரித்துக்கொண்டு தேத்தண்ணீர் போடப் போனாள். கூப்பிட்டு நிறுத்தினேன். ஒரு பிடி மண்ணை அள்ளி அவள் கையில் வைத்து, எங்கே அள்ளியது என்று சொன்னேன். முகர்ந்து பார்த்தாள்.

"நேத்து வாசம் வந்தப்ப, லோரி எண்ணெய்தான் ஒழுகியிருக்கும்னு நெனைச்சேன்க்கா" என்றாள். முகம் செத்துவிட்டது.

கொட்டாமல் போனால் முதலாளி ஏசுவார் என்றான் சேகர். நான் லோரிக்குப் பின்னால், மண் விழுகிற இடத்தில் போய் நின்றேன்.

"கொட்டு தம்பி. அவர அங்க கொன்னீங்க, என்ன இங்க மூடிட்டுப் போ."

சேகர் என்ஜினை அணைத்தான்.

"அப்ப எங்க கொட்டச் சொல்றீங்க?"

"அள்ளுன எடத்துலயே."

12.05க்குக் கிள்ளானில், தகர வேலிக்குள் இருந்த மேற்பார்வையாளரின் ஆபீஸ் வாசலிலேயே கொட்டினான். அந்த மனிதர் முகமூடியோடு ஓடி வந்து, இடம் சுத்தமாகிவிட்டதாகக் கையெழுத்தே ஆகிவிட்டது என்று பேப்பரைக் காட்டிக் கத்தினார். சுத்தம் என்றால் முகமூடியைக் கழற்றிவிட்டுப் பேசுங்கள் என்றேன். கழற்றவில்லை.

சரோஜா வீட்டில் முதலில் கொட்டிய இரண்டு லோரி மண்ணையும் இரண்டு நாள் கழித்துச் சேகர் திருப்பி அள்ளினான். அதற்குள் மழை பெய்துவிட்டது. அடுத்த மாதம் போனேன். சரோஜா கிணற்றைப் பலகை போட்டு மூடியிருந்தாள்.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: கிள்ளானிலிருந்து ஜெஞ்சாரோம் வழியாகப் போகும் பந்திங் பஸ் ஏறுங்கள், ஒரு வெள்ளி இருபது காசு, நாற்பது நிமிடம். குடிக்கத் தண்ணீர் கையோடு கொண்டு போங்கள். உங்கள் வீட்டுக்கு யாராவது சும்மா மண் கொண்டு வந்தால், கொட்டுவதற்கு முன் ஒரு பிடி அள்ளி முகருங்கள். அந்த வாசம் தெரியாதவர்கள் பிரிக்பீல்ட்ஸுக்கு வாருங்கள். அவர் சட்டை ஒன்றை நான் இன்னும் துவைக்கவில்லை.