ரயிலிலிருந்து ஏரிக்குள் குதித்த துப்பறிவாளர்

யுத்த காலத்தில் திருநின்றவூரிலிருந்து ரயிலில் வேலைக்குப் போகும்போது துப்பறியும் நாவல்களைப் படித்துப் பொழுதை வீணாக்கினேன். எல்லாம் குப்பை. அவற்றில் சென்னையில் சித்திரை மாதத்தில்கூடப் பனிமூட்டம் கவிந்திருக்கும். ஒரு நாவலில் துப்பறிவாளர் ஓடும் ரயிலிலிருந்து எங்கள் ஊர் ஏரிக்குள் குதித்தார். எதிரே கீரைக்கூடையுடன் உட்கார்ந்திருந்த ஊர்க்காரருக்கு அதைப் படித்துக் காட்டினேன்.

“ஏரி எங்க கீது, ரயிலு எங்க கீது? றெக்க கட்டிக்கினு பறந்தானா?” என்றார்.

எரிச்சலுடன் புத்தகத்தை மூடினேன்.

“அது கெடக்கட்டும் நைனா. கொலை பண்ணது யாரு?”

நான் பாதிதான் படித்திருந்தேன். “பொணத்தப் பாத்து ரொம்ப அழுத சித்தப்பாவாத்தான் இருக்கும்” என்றேன்.

கடைசிப் பக்கத்தைப் புரட்டினால் சித்தப்பாவேதான். ஊர்க்காரர் அசந்துபோனார். மீதி நூறு பக்கத்தை நான் படிக்கவேயில்லை.