புறா படம் போட்ட ஓ நெகட்டிவ்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, பங்குனி வெயில் தொடங்கியிருந்த ஒரு சனிக்கிழமை. அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்க்கும் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் அன்று அரை நாள்தான். வீட்டுக்கு வந்து சாப்பாட்டில் கை வைக்கும்போது போன் அடித்தது. அப்போதிலிருந்து சாயங்காலம் வரை நடந்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

அந்தப் போன் எனக்கு ஏன் வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நானும் என் பள்ளிக்கூட நண்பன் ஒருவனும் சேர்ந்து, ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கத்தில் ரத்தம் கொடுக்க முன்வருகிறவர்களைச் சேர்த்து வைக்கும் இணையப் பக்கம் ஒன்றை நடத்துகிறோம். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். படித்த படிப்பு அக்கம்பக்கத்துக்கும் கொஞ்சம் பயன்படட்டுமே என்ற ஆசையில் ஆரம்பித்தது அது. ஆனால் ஆட்கள் சேரவே இல்லை. பெயர், முகவரி, போன் நம்பர், புதிதாக ஒரு பாஸ்வேர்டு என்று வரிசையாகக் கேட்டால் யார் உட்கார்ந்து நிரப்புவார்கள்? பாதியில் விட்டுவிட்டு ஓடினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஆபீஸில் ஒரு வாடிக்கையாளருக்காக, சமூக வலைத்தளக் கணக்கை வைத்தே உள்ளே நுழையும் வசதியைச் செய்து பழகியிருந்தேன். போனில் ஏற்கெனவே திறந்திருக்கும் கணக்குதான். பொத்தானை ஒரு தட்டு தட்டினால் போதும், பெயர், படம், மெயில் முகவரி மூன்றும் தானாக வந்துவிடும். அதையே எங்கள் பக்கத்திலும் வைத்தேன். அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். "நம்ம ஊட்டுப் பூட்ட, அவங்கவங்க பாக்கெட்ல கீற சாவியாலயே தொறக்கற மாதிரிம்மா." அம்மா கீரை ஆய்ந்துகொண்டே, "அப்போ பூட்டு எதுக்குடா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

போன் நம்பரையும் கட்டாயமாகக் கேட்கலாம் என்றுதான் நினைத்தேன். நண்பன் விடவில்லை. "நம்பர் கேட்டியினா லோன் ஆப்புக்காரன்னு நெனச்சி ஓடிடுவானுங்க மாமே. அதான் மெயில் வருதுல்ல, வுடு" என்றான். எனக்கும் சரியென்றே பட்டது. பொத்தானைத் தட்டிவிட்டு ரத்த வகையையும் ஊரையும் தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது. ஆட்கள் மளமளவென்று சேர்ந்தார்கள். நாங்கள் இருவரும் தரையில் கால் படாமல் திரிந்தோம்.

அந்தச் சனிக்கிழமை பேசியவர் ஆவடிக்காரர். குரலை வைத்துப் பார்த்தால் என் வயதுதான் இருக்கும். மனைவிக்கு மறுநாள் காலையில் பிரசவ ஆபரேஷன். ரத்தம் ஓ நெகட்டிவ், உடம்பில் ஏற்கெனவே ரத்தம் கம்மி. ஆஸ்பத்திரி ரத்த வங்கியில் அந்த வகை கையிருப்பு இல்லையாம். ரத்தம் எடுத்தபின் பரிசோதனை செய்யவும் நேரம் வேண்டும் என்பதால், சாயங்காலத்துக்குள் ஆளைக் கூட்டிவரச் சொல்லியிருந்தார்கள். "உங்க பேஜ்ல ஓ நெகட்டிவ் கீதுன்னு காட்டுது அண்ணா. எப்படியாச்சும் பண்ணுங்க" என்றார். ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லிவிட்டு போனை வைத்தார்.

பக்கத்தைத் திறந்தேன். அந்த வகையில் இருந்ததே மூன்று பேர். அதில் இரண்டு பேர் எனக்குத் தெரிந்தவர்கள். ஒருவர் வேலைக்காகப் பெங்களூர் போய்விட்டிருந்தார். இன்னொருவர் போன மாதம்தான் கொடுத்திருந்தார். மூன்றாவது ஆளின் பெயர் "கரையான்சாவடி கிங்". முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புறா.

மெயில் அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் உறைத்தது. எங்கள் ஏரியாவில் மெயில் முகவரி என்பது, புது போன் வாங்கும்போது கடைக்காரர் போட்டுக் கொடுப்பது. போன் ஓடுவதற்கு அது வேண்டும், அவ்வளவுதான். அதைத் திறந்து படிக்கிறவர் யார்? என் அப்பாவுக்கும் ஒரு மெயில் முகவரி உண்டு. அது அவருக்கே தெரியாது. வலைத்தளத்திலேயே செய்தி அனுப்பிப் பார்த்தேன். பார்த்ததற்கான அடையாளமே இல்லை. ரத்தம் கொடுக்க ஓர் ஆள் இருக்கிறார், அவரைக் கூப்பிட வழியில்லை. அதற்கான வழியை அடைத்து வைத்ததும் நாங்களே.

நண்பனைக் கூப்பிட்டேன். பைக்கை எடுத்துக்கொண்டு வந்தான். சாப்பாடு தட்டிலேயே இருக்க, கரையான்சாவடிக்குப் போனோம். மெயின் ரோட்டில் வரிசையாகக் கடைகள். போனில் இருந்த படத்தைக் காட்டி ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினோம். ஒரு டீக்கடைக்காரர் பெயரைப் படித்துப் பார்த்துவிட்டு, "இந்த ரோட்ல வண்டி வெச்சிகினு கீறவன் எல்லாம் கிங்குதான் நைனா. உனுக்கு எந்த கிங்கு வேணும்?" என்றார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் அழாத குறை. விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பு சட்டென்று நின்றது.

டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர் போனை வாங்கி, படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "ஆளத் தேடாத, பொறாவத் தேடு. சென்னீர்குப்பத்துல ஒரு பாய் பொறா வளக்குறாரு. இந்தப் பக்கம் ஜோடி வாங்கறவன் பாதி பேரு அவராண்டதான் வாங்குவான்" என்றார். கடைக்காரர் எங்களிடம் டீக்குக் காசு வாங்கவில்லை. "போ போ, ஓடு" என்று விரட்டினார்.

சென்னீர்குப்பத்தில் அந்தப் பாய் வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமம் இல்லை. அண்ணாந்து பார்த்தாலே மொட்டை மாடியில் கூண்டுகள் தெரிந்தன. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு புறாக்களுக்குக் கம்பு இறைத்துக்கொண்டிருந்தார். படத்தைக் காட்டியதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது, கட்டிக் கொடுத்த மகளைப் பார்த்தது போல. "அட, நம்ம பொண்ணு! ஒரு ரெக்கை கறுப்பு, இன்னொண்ணுல பாதி வெள்ளை. ஒரு டெம்போக்காரன் கேட்டுக் கேட்டு வாங்கினு போனான். நல்லா வெச்சிகினு கீறானா?" என்று விசாரித்தார். எதற்காகத் தேடுகிறோம் என்று நண்பன் சொன்னதும் புறா விசாரணையை நிறுத்திவிட்டு போனில் தேட ஆரம்பித்தார். அவரிடமும் அந்த ஆளின் நம்பர் இல்லை. ஆனால் வீடு தெரியும். எங்களைக் கீழே நிற்கச் சொல்லிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு தன் வண்டியில் முன்னால் போனார்.

வந்த வழியே திரும்பிக் கரையான்சாவடிக்குள் ஒரு சந்து. வாசலில் டெம்போ நின்றது. கழுவிக்கொண்டிருந்தவர் ஆறடி உயரம், முறுக்கு மீசை. பார்த்ததுமே எனக்கு நிம்மதி, இவர்தான் கிங் என்று. தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவருக்கு வெட்கமாகிவிட்டது. "அது பசங்க வெச்ச பேரு தம்பி" என்றார். ரத்தம் என்றதும் அந்த வெட்கமும் போய், பயம் வந்துவிட்டது.

"நானா? ரத்தமா? நான் எதுலயும் பேரு குடுக்கலியே. எனுக்கு ஊசின்னாலே ஆவாது தம்பி. என்னுது பி பாசிட்டிவ் வேற."

நண்பன் என்னைப் பார்த்தான். நான் போனைப் பார்த்தேன். ஓ நெகட்டிவ் என்றுதான் இருந்தது. யாரோ விளையாட்டுக்குத் தட்டியிருக்கிறார்கள் என்று முடிவே செய்துவிட்டேன். ஆவடிக்காரருக்கு என்ன பதில் சொல்வது என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

அப்போது வீட்டுக்குள் இருந்து தையல் மெஷின் சத்தம் நின்றது. "நான்தான் போட்டேன்" என்று ஒரு குரல்.

அவர் மனைவி. வீட்டில் ஒரே போன், அதில் கணவரின் கணக்கு. எங்கள் பக்கத்தை யாரோ அனுப்பியதைப் பார்த்து, பொத்தானைத் தட்டித் தன் ரத்த வகையைக் கொடுத்திருக்கிறார். நான் வைத்த பொத்தான், போனில் இருந்த கணக்கின் பெயரையும் படத்தையும் எடுத்துக்கொண்டது. தட்டியது யார் என்று அது கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றியிருக்கவில்லை.

"எம் பொண்ணு பொறந்தப்போ இந்த குரூப்புக்கு ஆள் தேடி இந்த மனுசன் தெருத்தெருவா அலைஞ்சாரு" என்றார் அந்த அக்கா. "அந்தப் பொண்ணு இப்போ ஒண்ணாவது போறா. எந்த ஆஸ்பத்திரி, சொல்லு."

"இன்னாமே, என்னாண்ட ஒரு வார்த்த சொல்லல?" என்றார் கணவர்.

"சொன்னா நீ மயக்கம் போட்டு வுழுந்துடுவ."

வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கக் கூடாது என்று நான் சொன்னதும் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். எங்கள் முகத்தைப் பார்த்து எங்களுக்கும் தட்டு வைத்தார். கருவாட்டுக் குழம்பு. பாய் மட்டும் உட்காரவில்லை. தன் புறாவைப் பார்க்க மாடிக்குப் போய்விட்டார்.

டெம்போவிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே இன்னொரு கண்டம் காத்திருந்தது. ரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைவாக இருந்தால் எடுக்க மாட்டார்கள். விரல் நுனியில் குத்திப் பார்த்துவிட்டு நர்ஸ் எதையோ எழுதினார். ஆவடிக்காரர் சுவர் ஓரமாக நின்றிருந்தார். நர்ஸ் தலையை ஆட்டி, "வாங்கம்மா, படுங்க" என்றபோதுதான் அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

ரத்தம் எடுத்து முடியும்வரை டெம்போக்காரர் மனைவியின் கைப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடியே நின்றார். "ரொம்ப எடுத்துடப் போறாங்க தம்பி, நீ கொஞ்சம் பாரு" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். வெளியே வந்த அக்காவின் காலைத் தொடக் குனிந்தார் ஆவடிக்காரர். அக்கா பின்னால் நகர்ந்து, "இன்னாத்துக்கு இதெல்லாம்? போய் உன் பொண்டாட்டியப் பாரு, பயந்துகினு இருப்பா" என்றார். கணவர் வாங்கி வைத்திருந்த ஜூஸில் பாதியைக் கணவருக்கே கொடுத்துவிட்டுத்தான் அக்கா குடித்தார்.

மறுநாள் மதியம் ஆவடிக்காரர் அழைத்தார். பையன். தாயும் நலம். அந்த ரத்தம் தேவைப்பட்டது என்று சொன்னார். நான் உடனே அக்காவுக்குச் சொன்னேன். இப்போது என்னிடம் அவர்கள் நம்பர் இருந்தது.

அன்று சாயங்காலமே பக்கத்தைத் திருத்தினேன். பொத்தானை எடுக்கவில்லை. அது இல்லாவிட்டால் அந்த அக்காவே எங்களுக்குக் கிடைத்திருக்க மாட்டார். அதைத் தட்டி உள்ளே வந்ததும் "ரத்தம் கொடுப்பவர் நீங்களா, வீட்டில் வேறு ஒருவரா?" என்று கேட்கும்படி செய்தேன். கூடவே ஒரு போன் நம்பர். நண்பன் இந்த முறை தடுக்கவில்லை.

இப்போதும் யாராவது புதிதாகச் சேர்ந்தால் நான் ஒரு முறை கூப்பிட்டுப் பேசுகிறேன். பெரும்பாலும் ஒருவர் எடுத்து, "இரு, குடுக்கறேன்" என்று இன்னொருவரைக் கூப்பிடுவார். அந்தக் கொஞ்ச நேரம் மிக்ஸி சத்தமும் டிவி சத்தமும் கேட்டபடி காத்திருக்கும்போது, முன்பின் தெரியாத யாருக்கோ ரத்தம் கொடுக்கச் சம்மதித்துவிட்டு எத்தனை பேர் சத்தமில்லாமல் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன், மனம் நிறைந்துவிடும்.